கம்பார்ட்மெண்ட் தீவுக்குப் போன கதை

வரிசையில் நிற்பதை வரமாக நினைக்கும் மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். திருமலையில் தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூடங்களைக் கம்பார்ட்மெண்ட் என்பார்கள். இன்றைக்கு எத்தனை கம்பார்ட்மெண்ட் நிரம்பியது என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். அதனால் அதுவே அவர் பெயராகிவிட்டது. நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத்தான் தெரியும்.

அவர் கொள்கை எளிமையானது. "ஜனம் நிக்கிற எடத்துலதான் சார் விசயம் கீது. காலியா கீதுன்னா அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

போன வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குழுவாக பாங்காக்குக்கும் ஒரு தீவுக்கும் சுற்றுலா போனோம். கம்பார்ட்மெண்ட் மனைவி கன்னியம்மாவோடு வந்தார். அந்த அம்மாள் இருபது வருஷமாகத் திருச்சானூர் கோயில் பக்கம் பூ விற்கிறவர். விமானத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார்.

"எனக்குக் கடை கண்ணி ஒண்ணும் வாணாம் சார். ஆளே இல்லாத எடத்துல ஒரு தபா சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். அத்தினிதான்."

பக்கத்தில் இருந்த கணவர், பெண்டாட்டிக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது போல அவரைப் பார்த்தார்.

பாங்காக்கில் இறங்கினால், ரேணிகுண்டா வெயில் நமக்கு முன்னாலேயே விசா வாங்கி வந்து நிற்கிறது! நடைபாதை முழுக்க அடுப்பு, அடுப்பு முழுக்கக் கணவாய் மீன், இடுக்கில் பைக். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கம்பார்ட்மெண்ட் ஒரு நீண்ட வரிசைக்கு இழுத்தார்.

"எதுக்கு நிக்கிறோம்?"

"நின்னா தெரிஞ்சிடப் போவுது. வாங்க சார்."

முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு பெண், கறுப்பு உருண்டைகள் போட்ட ஜில்லென்ற டீயை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். "ஜவ்வரிசி வேகல சார். ஆனா இன்னா கூட்டம்!" கன்னியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாள் மேல்தான் பரிதாபமாக இருந்தது.

மறுநாள் தீவு. குழுவில் மற்றவர்கள் கடை கண்ணி என்று பாங்காக்கிலேயே நின்றுவிட, படகில் வந்தது நாங்கள் மூன்று பேர்தான். படகுத் துறையிலிருந்து தென்னைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அது முடிகிற இடத்தில் வெள்ளை மணல், கண்ணாடி வளையல் பச்சையில் கடல். மனித வாடையே இல்லை.

"இன்னா சார், ஈ காக்கா இல்ல? நம்மள ஏமாத்திட்டானுங்க!"

கன்னியம்மா அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீரோரம் கால் நீட்டி உட்கார்ந்தார். பூக் கட்டாமல் அந்தக் கைகள் சும்மா மடியில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. கம்பார்ட்மெண்டும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு படகு வந்து நின்றது. ஐம்பது அறுபது பேர், கழுத்தில் கேமராவோடு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். போச்சு, அந்த அம்மாளின் ஆசை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திரும்பினால் கம்பார்ட்மெண்ட் பாதை முனையில் நிற்கிறார். விழுந்து கிடந்த தென்னை மட்டையைக் குறுக்கே போட்டாயிற்று. கை உயர்ந்திருக்கிறது. "ஆகண்டி! ஆகண்டி!" என்று நிற்கச் சொல்லித் தெலுங்கில் ஒரு அதட்டல். "லைன்! லைன்!"

முதலில் வந்த வெள்ளைக்காரர் மிரண்டு நின்றார். அவர் நின்றதால் அடுத்தவர் நின்றார். இந்தத் தீவின் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்; ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். ஐந்தே நிமிஷத்தில் வரிசை படகுத் துறையைத் தொட்டது.

"எவ்வளவு நேரம் இவங்களை நிறுத்தி வைப்பீங்க?" என்று அவர் காதருகே கேட்டேன்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வரிசையைப் பார்க்கவில்லை. கடற்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளா எய்ந்து வர்ற வரிக்கும் சார்."

அந்தத் தண்ணீரில் காலை நனைக்க எனக்கும் ஆசைதான். சத்தம் போடாமல் மட்டையைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.