என் இடது கை சம்பந்தமாக ஒரு புகார்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். மரியாதையெல்லாம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உடனே கிளம்பி வந்து உங்கள் தங்கையை நாலு வார்த்தை கண்டித்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாளாம். நீங்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, வினை அங்கேதான் ஆரம்பித்தது. துணைக்கு வந்த உங்கள் தங்கை முதல் இரண்டு நாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலையணையைச் சரிசெய்யப் போனாள். ஐந்தாம் நாள் வார்டில் இருந்த பன்னிரண்டு பேரில் யாருக்கு எப்போது மாத்திரை என்பது அவளுக்கு அத்துப்படி, எனக்கு எப்போது என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் சந்தோஷமாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், இவள் வாசலிலேயே நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். "என்னங்க, நான் எங்க இருக்கணும்னு தெரியாமலே இத்தனை வருஷம் இருந்திருக்கேன்" என்றாள். ஜுரம் கிரம் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். முப்பத்து நாலு வயதில் நர்சிங் சேர்ந்து, சிறுசுகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து, இன்று அதே ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டர். காலை உடைத்துக்கொண்டு அவளுக்கு வழிகாட்டியவன் நான். அதற்கு ஒரு நன்றி உண்டா?

இந்த வருஷம் நான்கு மாணவிகளை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நான்கும் எங்கள் ஹாலில். சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, காலிங் பெல் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். "ஐயோ சார், எப்ப ஆச்சு?" என்று கூரியர்காரர் பதறுகிறார். தடவிப் பார்த்தால் தலையிலும் தாடையிலும் கட்டு, நான் தூங்கும்போது நான்கும் போட்டுப் பழகியிருக்கின்றன! அதாவது பரவாயில்லை. ஊசி போட்டுப் பழகுவதற்கு ஒரு ரப்பர் கை வைத்திருக்கிறார்கள். அதைக் கழுவி, பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு வேலைக்குப் போய்விட்டாள் உங்கள் தங்கை. கீழ்வீட்டில் இருப்பவர் ரிட்டயர்டு போலீஸ்காரர். மூச்சிரைக்க மாடியேறி வந்தார். என்னை ஒரு பார்வை, கொடியை ஒரு பார்வை. "உங்க வீட்டம்மா எங்க?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றால் நம்பவில்லை. போன் போட்டு அவள் குரலைக் கேட்ட பிறகுதான் படியிறங்கினார்.

இப்போது என் கைக்கு வருகிறேன். நால்வரில் ஒருத்திக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் பெயர் சைலண்ட் மோடு. வாயே திறக்க மாட்டாள், கை மட்டும் அதிரும். ரப்பர் கையில் அழகாகக் குத்துவாள், உயிருள்ள கையைக் கண்டால் நடுங்கிவிடுவாள். ரத்தம் எடுக்கும் செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதிலும் தோற்றால் படிப்பை நிறுத்தி, அவள் பெரியப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார வைத்துவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டாராம். ஒரு சனிக்கிழமை உங்கள் தங்கை அவளைப் பார்த்தாள், ரப்பர் கையைப் பார்த்தாள், அப்புறம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஊசி என்றாலே எனக்குக் காது அடைத்துவிடும், மச்சான். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு இடது கையை நீட்டிவிட்டேன்.

புது ஊசி, கையுறை, பஞ்சு எல்லாம் முறைப்படி வந்தன. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் அங்கிள்" என்று பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள் அந்தப் பெண். அந்த மாதிரி எறும்பை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் பாவம் என்று சிரித்துக்கொண்டே, "வலிக்கவே இல்லைம்மா" என்றேன். அவ்வளவுதான், உங்கள் தங்கைக்கு வந்ததே கோபம்! "எதுக்குப் பொய் சொல்றீங்க? நீங்க இளிச்சுக்கிட்டு இருந்தா தப்பு எங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, ஒண்ணு விடாம சொல்லுங்க." மச்சான், தண்ணீர் வாரியத்தில் புகார் பிரிவில் பகல் முழுக்க ஊரார் குறையை எழுதிக்கொள்கிறவன் நான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், என் குறையைச் சொல்லுங்கள் என்று இவள் கேட்டது அன்றைக்குத்தான். விடுவேனா? "தோலை இழுத்துப் பிடிக்கல. ஊசி ரொம்பச் செங்குத்தா வருது. நரம்பு இந்தப் பக்கம் இருக்க, நீ அந்தப் பக்கம் தேடுற" என்று கொட்டிவிட்டேன். அந்தப் பெண் அழவில்லை. மறுபடி குத்திவிட்டு, முதல்முறையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டாள்: "இப்ப அங்கிள்?" "இப்பவும் வலிக்குது. ஆனா முன்ன அளவுக்கு இல்ல." ரத்தம் வரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் என்று உங்கள் தங்கை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தவள் எறும்பை விட்டுவிட்டாள். "வலிக்கும் அங்கிள். சொல்லிட்டுத்தான் குத்துவேன்" என்றாள். ஒரே குத்து, குழாயில் சரசரவென்று ரத்தம். அவள் கையைப் பார்த்தேன், ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலியால் இல்லை, சந்தோஷத்தால்தான். உங்கள் தங்கை அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்து நின்றதைப் பார்த்தபோது, இவள் எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னாளோ அங்கேதான் இருக்கிறாள் என்று பட்டது.

அதற்காகப் புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. நேற்று தேர்வு நடந்தது, முடிவு இன்னும் தெரியாது. எதுவானாலும் ஒரு மனுஷனின் கை அவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டாமா? வந்து கண்டியுங்கள். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். சைலண்ட் மோடு போன் செய்தாள். பாஸ்! கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினாள், என்னால்தான் நடுவில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மற்ற மூன்று பேரும் தங்களுக்கும் குறை சொல்லத் தெரிந்த கைதான் வேண்டும் என்கிறார்களாம். ஆகவே கண்டிக்க வர வேண்டாம். ஆனால் வாருங்கள். கொஞ்சம் பருமனான கையிலும் நரம்பு தேடிப் பழக வேண்டும், எங்க அண்ணன் கைதான் அதற்கு லாயக்கு என்று உங்கள் தங்கையே சொல்கிறாள். சனிக்கிழமை மூன்று மணி. அரைக்கைச் சட்டையில் வாருங்கள்.