வராத நாற்காலியைத் திருப்பி அனுப்பிய வரலாறு

பொருள் வாங்குகிற ஒவ்வொரு குடிமகனுக்கும் அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. இது சட்டம். எங்கள் தெருவில் முடி வெட்டும் கத்திரி அண்ணனும் குடிமகன்தான். ஆகவே அவருக்கும் அந்த உரிமை இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

அவர் கடையில் இருந்தது ஒரே நாற்காலி. பதினெட்டு வருடம் உழைத்த களைப்பில் அது இடது பக்கம் சாயத் தொடங்கியது. உட்காருகிறவர் வலது பக்கம் சாய்ந்து ஈடுகட்ட வேண்டும். பழகிய எங்களுக்கு இதில் கஷ்டமில்லை. கிருதா மட்டும் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆனால் எதிர்க்கடைக்காரர் சுழல் நாற்காலி போட்டதும் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடக்க ஆரம்பித்தார்கள்.

"அடுத்த தெருவுலயே நாற்காலிக் கடை இருக்கு. உட்கார்ந்து பார்த்து வாங்கிட்டு வாங்க," என்றார் அண்ணி.

"இந்தக் காலத்துல யாராவது கடைக்குப் போவாங்களா?" என்றார், கடை வைத்துப் பிழைக்கும் அண்ணன்.

ஃபோனில் ஆர்டர் போட்டார். 'நாளை வரும்' என்று பதில் வந்தது. மறுநாள் பார்த்தார். அப்போதும் 'நாளை வரும்' என்றே இருந்தது. சொன்ன சொல் மாறாத நிறுவனம்; இருபது நாளும் அதையே சொன்னது.

இருபத்தோராம் நாள் ரத்து செய்யப் பார்த்தார். காரணம் கேட்டார்கள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, உடைந்திருக்கிறது என்று பட்டியல் இருந்தது. 'வரவில்லை' என்பது அதில் இல்லை. அண்ணன் யோசித்து, நிறம் பிடிக்கவில்லை என்பதை அமுக்கினார். உடனே படம் கேட்டார்கள். புது நாற்காலிக்காக ஒழித்து வைத்திருந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பினார். 'படத்தில் உள்ள தரை எங்கள் தயாரிப்பு அல்ல. தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று பதில் வந்தது.

அப்போது என் தலையில் பாதிதான் வெட்டி முடிந்திருந்தது. அண்ணன் கத்திரியைப் போட்டுவிட்டு நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். மீதித் தலைக்காக நானும் பின்னாலேயே போனேன்.

"உங்களுக்கு முழு உரிமை இருக்கு," என்றார் அதிகாரி, புத்தகத்தை விரித்து. "பொருள் கைக்கு வந்த நாள்லேருந்து பதினாலு நாளைக்குள்ள ரத்து பண்ணலாம்."

"வரவே இல்லையே சார்."

"அப்போ பதினாலு நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கொடுத்து வச்சவர் நீங்க! உங்க உரிமை ஒரு நாள்கூடச் செலவாகாம அப்படியே இருக்கு."

"எங்க சார் இருக்கு?"

"வழியில இருக்கு. பொருளோட சேர்ந்துதான் வரும்."

அண்ணன் முகம் வாடியதைப் பார்த்து அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. 'பெற்றுக்கொண்டேன்'னு இருக்கும், அதைத் தட்டிடுங்க. வந்ததா ஆயிடும். வந்த பொருளை ரத்து பண்றதை யார் தடுக்க முடியும்?"

தட்டினார். ரத்து ஏற்கப்பட்டது. 'பொருளை எடுத்துச் செல்ல நாளை வருவோம்' என்றார்கள். நாங்கள் சிரித்தோம். அவர்களுடைய நாளை எங்களுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் வண்டி நின்றது. கொடுக்கத் தெரியாத முகவரி, எடுக்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"நாற்காலியக் குடுங்க," என்றார் வண்டிக்காரர்.

"அது வரவே இல்லையேப்பா!"

"வந்துச்சுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" சுற்றிப் பார்த்தவர் கண்ணில் பழைய நாற்காலி பட்டது. "இது நாற்காலிதானே?"

"நாற்காலிதான், ஆனா..."

"ஆனாவுக்கெல்லாம் இந்த ஃபாரத்துல கட்டம் இல்லைங்க."

ஏற்றிக்கொண்டு போய்விட்டார். 'உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா' என்று அண்ணி வாயால் சொல்லவில்லை, பார்த்ததோடு சரி. ஒரு வாரம் அண்ணன் எல்லாரையும் நிற்கவைத்தே முடி வெட்டினார். உயரமானவர்கள் முட்டி போட்டார்கள். அதுவும் பிடிக்காமல் மீதி ஆட்களும் எதிர்க்கடைக்குப் போனார்கள். "கடையை மூடிடலாம்னு இருக்கேன் தம்பி," என்றார் என்னிடம்.

எட்டாம் நாள் தீர்ப்பு வந்தது: 'தங்கள் நாற்காலி எங்கள் நிபுணர்களால் ஆராயப்பட்டது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இருக்கையில் பல நபர்களின் முடி காணப்பட்டது. ரத்து நிராகரிக்கப்படுகிறது. பொருள் தங்களுக்கே அனுப்பப்படும். நாளை வரும்.'

இந்த முறை வந்தது. புத்தம் புது அட்டைப்பெட்டிக்குள், இடது பக்கம் சாய்ந்தபடி, அதே நாற்காலி. அதிகாரிக்கு ஃபோன் செய்தோம். "வாழ்த்துகள்! இன்னிலேருந்து பதினாலு நாள்," என்றார்.

"ரத்து பண்ணிடலாமா அண்ணே?" என்றேன்.

"சும்மா இரு தம்பி! போன உசிரு திரும்பி வந்திருக்கு." அந்தச் சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, மனதில் பட்டதை உள்ளபடி எழுதினார்: 'உட்கார்ந்த முதல் நாளே, பதினெட்டு வருடம் பழகிய நாற்காலி மாதிரி இருக்கிறது.'

அதைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்காரர் இரண்டு ஆர்டர் போட்டார். அதிகாரி தன் அலுவலகத்துக்கு ஆறு போட்டார். நடந்ததெல்லாம் கூடவே இருந்து பார்த்த நானும் ஒன்று போட்டிருக்கிறேன். ஐந்து நட்சத்திரம் ஆயிற்றே. நாளை வரும்.