அக்செப்ட் அண்ணாச்சி

கரமனையில் நாங்கள் இருந்த லாட்ஜில் அக்செப்ட் அண்ணாச்சியின் படங்களிலிருந்து தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. திருவனந்தபுரத்து மழையாவது கொஞ்சம் இருட்டிக் காட்டிவிட்டு வரும். அண்ணாச்சியின் படம் அதுகூடச் செய்யாது.

வள்ளியூர்க்காரர். விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தில் சூப்பர்வைசர். பகலெல்லாம் வேலை நடக்கும் இடத்தைப் போனில் படமெடுப்பார். சாயங்காலம் அறைக்கு வந்து, லாட்ஜ் வைஃபை வழியாக அவற்றை லேப்டாப்புக்கு அனுப்பி ரிப்போர்ட் எழுதுவார். எந்தப் படத்தை எடுத்தாலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும்.

"ஒயர்ல போட்டா சட்டுனு போயிடுமே அண்ணாச்சி?" என்று கேட்டேன். நான் பக்கத்து அறை.

"ஒயருக்கு மரியாத தெரியாது தம்பி. அதுபாட்டுக்குப் போயி விழும். இது பாரும், 'அனுப்புதாங்க, வாங்கிக்கிடுதீங்களா'ன்னு ஒரு வார்த்த கேக்கு. சைட்டுல என்னைய எவன் கேக்கான்?"

அதனால் அந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லமாட்டார். போனிலிருந்து அனுப்பிவிட்டு, கட்டிலை விட்டு எழுந்து, முகம் கழுவி, லேப்டாப் முன் உட்கார்ந்து, கேள்வியை வாய்விட்டுப் படித்து, "சரி, வரட்டும்" என்று அக்செப்டை அழுத்துவார். சட்டென்று வாங்கினால் அனுப்பியவருக்கு மதிப்பில்லையாம். அனுப்பியவரும் அவர்தான்.

ஓணத்துக்கு முந்தின வாரம், யாருக்கு அனுப்புவது என்று போன் காட்டும் பட்டியலில் மற்ற அறைக்காரர்களின் போன்களும் பெயர் பெயராகத் தெரிவதைக் கண்டுபிடித்தார். அந்த லாட்ஜின் சரித்திரத்தை நான் எழுதினால் அந்த வாரத்திலிருந்துதான் தொடங்குவேன். கிரேன், சிமெண்ட் மூட்டைமேல் தூங்கும் பூனை, மத்தியானம் சாப்பிட்ட பொதிச்சோறு, எல்லாம் எல்லோருக்கும் பறந்தன. எல்லோரும் வேண்டாம் என்று அழுத்தினார்கள். அண்ணாச்சி கதவு கதவாக நடந்தார். குளித்துக்கொண்டிருந்தவனையும் விடவில்லை.

"தம்பி, ஒரு படம் வந்திருக்கும். அக்செப்ட் குடு."

"சோப்பு போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அவசரமில்ல. தொடச்சிட்டுக் குடு."

லாட்ஜ் மேனேஜருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒவ்வொரு முறையும் பதில் சொல்லி அலுத்துப்போய், எது வந்தாலும் கேட்காமலே வாங்கித் திறக்கும்படி தன் லேப்டாப்பை மாற்றி வைத்தார். அந்த லேப்டாப் வரவேற்பறை டி.வி.யோடு இணைந்திருந்தது. பொன்முடி போகும் புதுமணத் தம்பதிக்கு அதில் அவர் ஏ.சி. அறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, திரை முழுக்க அண்ணாச்சியின் வெடித்த குதிகால் வந்து நின்றது. கம்பெனி கொடுத்த பூட்ஸ் சரியில்லை என்பதற்கான அத்தாட்சி அது. தம்பதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் லாட்ஜுக்குப் போனார்கள்.

"எந்தா அண்ணாச்சி இது? அந்தக் குட்டி பேடிச்சுப் போயி." புதுப்பெண் பயந்துபோன வருத்தம் மேனேஜருக்கு.

"குதிகாலுதான? ஒமக்கும் இருக்குல்லா."

மறுநாளே மேனேஜர் ஆளை வரவழைத்து, லாட்ஜ் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றின் கண்ணில் படாதபடி செய்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி போனை நீட்டியபடி என் வாசலில் நின்றார். பட்டியல் வெறுமையாக இருந்தது.

"தம்பி, ஒருத்தரையும் காணல."

"உங்க லேப்டாப்?"

"அதையுங் காணல. ரெண்டும் ஒரே மேசையிலதான் கெடக்கு."

ரிப்போர்ட்டுக்கான படங்கள் ஒயரில் போய்விட்டனவாம். அதற்காக அவர் வரவில்லை.

லாட்ஜ் வைஃபையை விட்டுவிட்டு, அவர் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பட்டியலில் ஒரு பெயர் முளைத்தது. அவருடைய பெயர். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்வேர்டு என்ன அண்ணாச்சி?"

"ஒமக்கு எதுக்கு?"

"நானும் சேந்துக்கறேன்."

சொன்னார். தன் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் என் லேப்டாப்பில் கேள்வி வந்தது. நான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தம்பி, வரலையா?"

"வந்திருக்கு அண்ணாச்சி. படிச்சுக்கிட்டிருக்கேன்."

"சரி சரி. மெதுவா."

சுவருக்குக் கேட்கும்படி கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். "சரி, வரட்டும்" என்றேன். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அதுவரை அவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

துறைமுக வேலை முடிந்ததும் அண்ணாச்சி வேறு சைட்டுக்குப் போய்விட்டார். படங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பவன் நான். அவர் முகம் உள்ள படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அன்று வந்த படம் இருக்கிறது. கிரேன் சரியாக விழவில்லை. கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது.