மச்சான் கட்டிய குட்டி வீடும் ஈ-7 என்ற கோளாறும்

லெயர்வோல்,
மார்ச் மாதம், வியாழக்கிழமை

அன்பு மிகுந்த மச்சான் சிக்பியோர்ன் அவர்களுக்கு,

ஹல்வார் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை குன்வோரும் நலம். ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டையோடு நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். நீங்கள் அனுப்பிய பெர்ரி ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. ஈஸ்டருக்கு நீங்கள் வரும்வரை திறக்கக் கூடாது என்று குன்வோர் அதை ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் இன்னும் திறக்கவில்லை.

ஒரு சங்கடமான விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் படகு யாருக்கு என்ற தகராறில் நீங்களும் குன்வோரும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தீர்கள். போன இலையுதிர் காலத்தில் நீங்களே வந்து, கூடத்தைச் சூடாக்கும் எங்கள் வெப்பப் பம்பின் வெளிப்பெட்டிக்கு மேல் ஒரு குட்டி மரவீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் உங்களுக்குள் பேச்சு திரும்பியது. எங்கள் வீட்டைப் போலவே சிவப்புச் சுவர், வெள்ளை ஓரம், புல் வேய்ந்த கூரை, முன்னால் வண்ணம் பூசாத பைன் சட்டங்கள். இந்தத் தெருவில் எல்லோருடைய வெளிப்பெட்டிக்கும் ஒரு வீடு உண்டு. ஆனால் நடந்து போகிறவர்கள் நின்று பார்ப்பது நம்முடையதைத்தான். அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், மச்சான். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன வாரம் கூடத்தில் சூடான காற்று நின்றுபோய், சுவரிலிருக்கும் உள்பெட்டியின் சின்னக் கண்ணாடியில் ஈ-7 என்று எழுத்து வந்தது. எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் திடீரென்று பேசுவதை நிறுத்தி, காகிதத்தில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் எழுதி நீட்டினால் எப்படியிருக்கும், அப்படி. கையேட்டை எடுத்துப் பார்த்தேன். 'வெளிப்பெட்டியில் காற்றோட்டத் தடை. தடையை நீக்கவும்' என்றிருந்தது. என்ன தடை, எங்கே தடை என்று ஒரு வார்த்தை இல்லை. இப்படிப் பதில் எழுதிய மாணவனுக்கு நான் பாதி மதிப்பெண்கூடப் போட்டதில்லை. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டேன், நன்றாக ஓடியது, நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஈ-7. பக்கத்து வீட்டு டோர்கிரிம் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "பனி உறைஞ்சிருக்கும், சுடுதண்ணி ஊத்துங்க சார்" என்றார். ஊற்றினேன். பனி கரைந்தது உண்மை. கரைந்த தண்ணீர் வாசற்படி வரை ஓடி மறுபடி உறைந்ததும் உண்மை. அதில் முதலில் வழுக்கி விழுந்தது டோர்கிரிம்தான் என்பது மட்டும்தான் ஆறுதல்.

கடைசியில் பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிப்பெட்டி மேல மர வீடு ஏதாவது கட்டியிருக்கீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"பாக்க அழகா இருக்குமா?"

"ரொம்ப அழகா இருக்கும்."

"அப்ப அதுதான் சார் கோளாறு. அசிங்கமான வீடுன்னா காத்து போக வழி விட்டிருப்பாங்க. கழட்டிப் பாருங்க. ஆள் அனுப்பணும்னா ஈஸ்டர் முடியட்டும்."

அறைக்குள் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த குன்வோரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என் அண்ணன் கட்டுன வீட்டுல கை வெச்சீங்கன்னா பாருங்க வாத்தியாரே! நான் கம்பளியைப் போத்திக்கிட்டு இருந்துடுவேன். மறுபடி அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா அதைத்தான் என்னால தாங்க முடியாது."

யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை நம்புகிறவனா நான்? ஒரு குச்சியில் கம்பளி நூலைக் கட்டி, பம்பை ஓட விட்டு, முன்சட்டங்களுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நூல் நேராக வெளியே பறக்க வேண்டும். அது அப்படியே வளைந்து உள்பக்கமாகத் திரும்பியது, மச்சான்! போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்குகிறவன் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதில்லையா? அதுபோலத்தான். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்க வேண்டிய பெட்டி, சூட்டை எடுத்துவிட்டுத் துப்பிய குளிர்காற்றையே மறுபடி மறுபடி விழுங்கிக்கொண்டிருந்தது. குன்வோரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நூலுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வாஃபிள் சுடும் நேரமாகப் பார்த்து முன்சட்டங்களை மட்டும் கழற்றினேன். உடைக்கவில்லை; ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். ஈ-7 மறைந்தது. கூடம் சூடானது. குன்வோர் மூன்றாவது கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், ஆனால் என்னோடு பேசவில்லை. எனவே உங்களிடம் என் வேண்டுகோள்: நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீடு கட்டிய கையில் குறையில்லை, முகப்பு கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். சட்டங்களை ஈரம் படாமல் அடுப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது நீங்களே இடைவெளி விட்டு மாட்டிக் கொடுங்கள். அதற்கு முன் குன்வோருக்கு ஒரு போன் செய்து, வருத்தமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கும்.

உங்கள் முழங்காலும் எங்கள் கூடமும் என்றும் சூடாயிருக்கட்டும். அண்ணியாருக்கு எங்கள் அன்பு. ஈஸ்டருக்கு வழக்கமாகத் தின்னும் ஆரஞ்சுப் பழங்களை நாங்களே வாங்கிவிடுகிறோம், நீங்கள் சுமக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள
ஹல்வார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மறுபடி ஈ-7 வந்துவிட்டது. இந்த முறை குன்வோரே வெளியே போய், நாங்கள் யாருமே பார்க்காத இடத்தைப் பார்த்தாள்: பெட்டியின் பின்பக்கம். காற்றை உள்ளே இழுக்கும் தகடுகள் முழுக்க ஓட்ஸ் உமி, மெத்தை போலப் படிந்து, அதன்மேல் பனி. கிறிஸ்துமஸுக்குப் பறவைகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டை உங்கள் குட்டி வீட்டின் பின்கூரையில், பார்க்க அழகாயிருக்கிறதே என்று தொங்கவிட்டவன் நான்தான். குருவிகள் தானியத்தைத் தின்றன, உமியைப் பெட்டி தின்றது. தூரிகையால் உமியைத் தள்ளியதும் ஈ-7 போய்விட்டது. பிறகு நூலைப் பிடித்துப் பார்த்தேன். அது வெளியே நேராகப் பறந்தது. முன்னால் சட்டம் இல்லாததாலா, பின்னால் உமி இல்லாததாலா என்பதைச் சட்டங்களை மாட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதுவரை உங்கள் வீட்டைப் பற்றி மேலே எழுதிய அத்தனையையும் திரும்பப் பெறுகிறேன்.

மாட்டிப் பார்க்கலாம் என்று அடுப்பருகே போனால், சட்டங்களைக் காணோம். "அடுப்புப் பக்கத்துல அடுக்கி வெச்சா விறகுன்னுதானே நினைப்பேன்?" என்கிறாள் உங்கள் தங்கை. கூடம் சூடானதில் உங்கள் பைன் மரத்துக்கும் பங்குண்டு, மச்சான்.

"ஐயோ, இதையா எழுதறீங்க? பறவைங்க தின்னுடுச்சுன்னு எழுதுங்க" என்று அவள் என் தோள்மேல் குனிந்துகொண்டு நிற்கிறாள். நான் பொய் எழுதிப் பழக்கமில்லாதவன். ஆனால் அவள் நகர்வதாகத் தெரியவில்லை. ஆகவே:

சட்டங்களைப் பறவைகள் தின்றுவிட்டன.