ஆளைத் தவிர எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ்

கூட்டேரிப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க தணிகாசலம் மச்சான் அவர்களுக்கு,

பெரியதம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை அம்சாவும் நலம். மல்லாட்டை மில்லும் நலம். புதுச்சேரியில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் யோசனை சொல்லிவிடுகிறீர்கள். போன தடவை சொன்ன யோசனையால் என்ன ஆனது என்பதை நடுவில் யாரும் குறுக்கிடாமல் முழுதாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மல்லாட்டை உடைக்கிற மிஷினில் நின்ற சவுரியம்மாளை உங்களுக்குத் தெரியும், நீங்கள் வரும்போதெல்லாம் வேர்க்கடலைப் பருப்பைப் புடைத்துப் பை நிறையக் கட்டிக் கொடுப்பாரே, அவர்தான். தோல் அடைத்துக்கொண்டது என்று கையை விட்டிருக்கிறார், பெல்ட் இழுத்துக்கொண்டது, நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, கத்தியால் பெல்ட்டை அறுத்துக் கையை வெளியே எடுத்தபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். வேனில் போட்டுக்கொண்டு விழுப்புரம் போகும் வழியில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்ற நேரத்தில், உங்களுக்குத்தான் போன் பண்ணினேன். "ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கீதா?" என்றீர்கள். இல்லை என்றேன். "அப்ப வேல செய்ற ஆளுன்னே வாயத் தொறக்காத. மல்லாட்ட வாங்க வந்த பொம்பளன்னு சொல்லிடு" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அதையே சொன்னேன். டாக்டர் சவுரியம்மாளின் தலையெல்லாம் படிந்திருந்த தோல் தூசியைப் பார்த்தார், மில் பேர் போட்ட சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்த சவுரியம்மாள் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மயக்க மருந்து கொடுத்தது அதற்கு அப்புறம்தான் மச்சான்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அலெக்ஸைக் கூப்பிட்டேன். இவரிடம்தான் மில் கட்டடத்துக்கு, மிஷினுக்கு, மூட்டைகளுக்கு, லாரிக்கு, புயலில் பறக்கக்கூடும் என்று தகர ஷெட்டுக்கு எல்லாம் பாலிசி எடுத்திருந்தேன். அன்றைக்கு அவர், "ஆளுங்களுக்கும் போட்ருலாமாண்ணே?" என்று கேட்டதற்கு, "ஆளுங்க இன்னா தீப்புடிச்சா எரியப்போறாங்க?" என்று சிரித்தவன் நான். இப்போது முந்தின தேதி போட்டு ஒன்று எடுக்க முடியுமா என்று கேட்டேன். "அது மோசடிண்ணே, ஜெயிலு" என்றார். ஆனால் பெல்ட் அறுந்ததற்கு மிஷின் பாலிசியில் பணம் வரும் என்றார். வந்தது. கம்பெனி ஆள் நேரில் வந்து, டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, பெல்ட்டுக்கு என்ன ஆச்சு என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

சவுரியம்மாளின் மகள் அன்புச்செல்வி, திண்டிவனத்தில் ஜவுளிக்கடைக்குப் போகிற பெண், ஒருநாள் மில்லுக்கு வந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்கம்மா உங்களுக்கு கஸ்டமராங்க?" என்று மட்டும் கேட்டது. எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துப் பார்த்தால் ஆள் இல்லை. நேராக விழுப்புரம் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டது.

விசாரணை நாளில் நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அதிகாரியம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன்: அந்தம்மா வாடிக்கையாளர், எப்போதாவது வருவார், பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அதிகாரியம்மா எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு சவுரியம்மாள் உள்ளே வந்தார். எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை மச்சான், தினமும் கேட்டுப் பழகின வாய், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா சவுரி, இதான் வர்ற நேரமா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் பழக்கத்தில், "மன்னிச்சுக்குங்க மொதலாளி. பஸ்ஸுல கம்பியப் புடிக்க முடில. கூட்டமில்லாத பஸ்ஸு வர்ற வரிக்கும் நின்னுக்கினு இருந்தேன்" என்றார்.

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மல்லாட்டை வாங்க வர்றவங்க லேட்டா வந்தா திட்டுவீங்களா?" என்றார். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்று நினைத்தேன், வந்தது அது இல்லை. முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்ட வேல செய்றவங்கதான் மேடம்" என்றேன்.

பத்து பேருக்குக் குறைவான மில் என்றாலும், வேலையில் அடிபட்டால் முதலாளிதான் பொறுப்பு. பாலிசி இருந்திருந்தால் கம்பெனி உங்களுக்காக நஷ்டஈட்டைக் கட்டியிருக்கும். இல்லாததால் நீங்களே கட்டுங்கள் என்று அதிகாரியம்மா பொறுமையாக விளக்கினார். லாரியை விற்றுக் கட்டினேன். கட்டிவிட்டு, வாட்ச்மேன் மாதிரி கேட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொல்லி சவுரியம்மாள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மிஷினு சத்தம் கேட்டாலே ஒடம்பு ஒதறுதுங்க" என்றார். காபி கொடுத்தார், இடது கையால். இடது கையால் கொடுப்பதற்கு மன்னிப்பும் கேட்டார்.

இனி ஒருவருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று அலெக்ஸை வரவழைத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பாலிசி போட்டுவிட்டேன். பெருக்க வருகிறவரைக்கூட விடவில்லை. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மயிலம் முருகன் உங்களை எல்லாக் கஷ்டத்திலிருந்தும், என்னை உங்கள் யோசனைகளிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியதம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் அம்சா வாங்கிப் படித்தாள். "சவுரி எடத்துல இப்ப யாரு நிக்கிறான்னு எங்கண்ணனுக்கு எழுதலியே?" என்றாள். அதனால் எழுதுகிறேன். லாரி போனதிலிருந்து புது ஆள் வைக்க வசதியில்லை, அம்சாதான் நிற்கிறாள். அலெக்ஸ், "சம்பளம் போட்டு எழுதினா அண்ணியயும் சேக்கலாம்ண்ணே" என்றார். வீட்டு ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். பெல்ட்டுக்கு மூடி போட வெல்டிங் ஆளும் இன்னும் வந்தபாடில்லை. இதுவரை எழுதினதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷின் பக்கம் போய்விட்டாள். கோபமா என்று தெரியவில்லை. நீங்கள் போன் பண்ணிக் கேட்டுச் சொல்லவும்.