பொறு அண்ணை தேடிய ஒரு சோடி மட்டை

பாரிஸ் நகரத்தில் ஒன்றையும் வாங்காமல் அதிகக் கடைகள் ஏறி இறங்கிய மனிதர் யார் என்று போட்டி வைத்தால், பொறு அண்ணைக்கு அடுத்ததாக நிற்கக்கூட ஓர் ஆள் அகப்படாது. அவருடைய சொந்தப் பெயர் விசாக் கொடுக்கும் பிரெஃபெக்தூருக்கும் பிரிந்துபோன மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் யார் எதை வாங்கப் புறப்பட்டாலும் தோளில் கையைப் போட்டு, "பொறு, பொறு. அவசரப்படாதை, விசாரிப்பம்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அங்கே ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ் உணவகத்தில் அவர் கோப்பை கழுவினார். நான் பக்கத்தில் நின்று கொத்துரொட்டி போட்டேன். அவர் வீட்டுக்குச் சோறு அவிக்கும் மின்சாரப் பானை வாங்க ஐந்து மாதம் விசாரித்தவர். மகள் பிறந்தபோது தள்ளுவண்டில் வாங்கப் போனார். கடை கடையாகச் சில்லைச் சுழற்றிப் பார்த்து, ஆகச் சிறந்த வண்டிலை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்த அன்று பிள்ளை பாலர் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வண்டிலில் எங்கள் உணவகத்துக்கு வெங்காயம் வந்தது.

நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை. மகள் தர்ஷிக்குப் பதினொரு வயதானபோது அவளையும் கூட்டிக்கொண்டு அல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குப் போய்விட்டார்.

"போய்ப் பிள்ளையைப் பாருங்கோவன் அண்ணை" என்பேன்.

"பொறு தம்பி. இப்ப கோவமா இருப்பினம். கொஞ்சம் ஆறட்டும்."

ஏழு வருடம் ஆறவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொலைபேசியில் "சவா?" என்று சுகம் கேட்பார். மறுமுனையில் "சவா, பப்பா" என்று வரும். அதோடு சரி.

ஓர் இலையுதிர்காலத்தில் அந்தப் பிள்ளை இருபது நிமிடம் பேசினாள். பனிச்சறுக்குப் பற்றித்தான். பனிப் பூங்காவில் இரும்புக் குழாய் மேல் வழுக்கிக்கொண்டு போவாளாம், மேடையிலிருந்து எகிறிப் பின்பக்கமாக வந்து இறங்குவாளாம். காலையில் திட்டி திட்டியாக, குட்டி மேடுகளாகப் பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடக்கும் சரிவில் இறங்கவும் வேண்டுமாம். காலில் பூட்டிச் சறுக்க இருந்த பழைய மட்டைகளின் இரும்பு ஓரம் தேய்ந்து மழுங்கிவிட்டது. இரண்டு சோடி வாங்க அம்மாவுக்கு வசதியில்லை. இரண்டுக்கும் தோதான ஒரே சோடி எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் தேடித் தாறன் பிள்ளை. நீ வேறை ஒண்டும் வாங்கிப்போடாதை" என்றார் அண்ணை.

அதுவரை அவள் பேசியதெல்லாம் பிரெஞ்சு. பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில் வந்தது: "சரி. ஆனா நீங்களே கொண்டு வாங்கோ."

அன்றைக்கு அவர் ஒரே கோப்பையை நாலு தரம் கழுவினார்.

"அண்ணை, இந்த முறையாவது கெதியா வாங்குங்கோ" என்றேன்.

"ஓம். ஆனா பிழையானதைத் தூக்கிக்கொண்டு போய் நிண்டனெண்டால், இந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு பிள்ளை முடிவு கட்டிப்போடும். பிறகு கூப்பிடாது."

தேடல் தொடங்கியது. பூங்காவுக்கு நல்லது திட்டிக்கு ஆகாது, அதுதான் சிக்கல். குழாயில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஓரம் மழுங்கியிருக்க வேண்டும். இறுகிய பனியைப் பிடிக்க அதே ஓரம் கத்தியாக இருக்க வேண்டும். எகிறி விழுவதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். திட்டிகளுக்கு நடுவே வெட்டித் திரும்ப விறைப்பும் ஒடுக்கமும் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடைகளில் அண்ணையின் தலை தெரிந்தால் விற்பனைப் பெண்கள் களஞ்சிய அறைக்குள் ஒளிந்தார்கள்.

ஒருநாள் உணவகத்தின் பின்முற்றத்தில் ஐந்து அரிசி மூட்டையைத் திட்டிகள் மாதிரி வரிசையாக அடுக்கி, மேலே தறப்பாளை விரித்து, மீன்பெட்டி ஐஸ் முழுவதையும் கொட்டினார். எங்கேயோ இரவல் வாங்கிய பழைய மட்டையில் ஏறினார். இரண்டாவது மூட்டை வரைக்கும் மனிதராகப் போனவர், மூன்றாவதில் எகிறி எண்ணெய்த் தகர ரின்களுக்குள் போய் விழுந்தார்.

முதலாளி ஓடிவந்தார். "உது என்ன விசர் வேலை? உந்த ஐஸிலைதானே மீன் வைச்சிருந்தது!"

அண்ணை கிடந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "நடுவிலை அகலம் கூடிப்போச்சு தம்பி. திரும்ப நேரம் எடுக்குது."

இரண்டரை மாதத்தில் ஆள் முழு நிபுணராகிவிட்டார். இரண்டு முனையும் மேலே வளைந்திருக்க வேண்டும். நடுவில் அதிகம் அகலக் கூடாது. காலுக்குக் கீழே ஓரம் கூராகவே இருக்க, முன் நுனியையும் பின் நுனியையும் மட்டும் அரத்தால் கொஞ்சம் மழுக்க வேண்டும். நீளம் மூக்குவரை. இந்த இடத்தில் மட்டும் தடங்கிவிட்டார்.

"அவளின்ரை மூக்கு எவ்வளவு உயரத்திலை இருக்குமெண்டு எனக்குத் தெரியாதே" என்றார்.

வெட்கத்தோடு தொலைபேசியில் கேட்டார். அவள் சொன்ன அளவைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் கீறிவிட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் சரியான சோடி அகப்பட்டது. கடைக்காரரும் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார். "வாங்கோ, போய் எடுப்பம்" என்றேன்.

"பொறு. மார்கழி பிறந்திட்டுது. பிள்ளை ஏறி நிக்கிற புதுச்சாமான், மார்கழியிலை எடுக்கப்படாது. பொங்கலண்டு எடுப்பம்."

வேறு எதற்கென்றாலும் நான் கத்தியிருப்பேன். ஆனால் நானும் மார்கழியில் ஒரு நல்ல காரியமும் தொடங்காத வீட்டில் வளர்ந்தவன்தானே. "ஓம் அண்ணை, ஒரு மாசம்தானே" என்று வாயைத் திறந்து சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மார்கழி என்றால் என்ன என்று பிரெஞ்சில் விளக்க அவருக்கு முடியவில்லை. ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் "தக்கோர், பப்பா" என்று சம்மதித்தாள் தர்ஷி. அவளுக்குப் பள்ளி விடுமுறை. பழைய மட்டைகளோடு மலைக்குப் போனாள்.

புதுவருடம் பிறந்த கிழமை, மதியச் சாப்பாட்டு நெரிசலில் அண்ணையின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். காலையில் இறுகிய சரிவில் மட்டையின் மழுங்கல் ஓரம் பிடிக்கவில்லை. தர்ஷி மூன்று திட்டிகளில் உருண்டிருக்கிறாள். முழங்கால் சவ்வு அறுந்து, கீழே எலும்பும் உடைந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள்.

அண்ணை கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏப்ரனோடு தெருவில் இறங்கினார். நான் அவருடைய குளிர்ச்சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கார் து லியோன் ரயில் நிலையத்தில் ஒன்றும் விசாரிக்காமல் முதல் ரயிலில் ஏறினார்; நானும் கூடவே ஏறினேன்.

பாதி வழியில் ஒரேயொரு தரம் வாய் திறந்தார். "மார்கழி என்ன செய்தது தம்பி? நான்தான் செய்தனான்."

'நானும்தான்' என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். குளிர்ச்சட்டையை அவர் தோளில் போர்த்திவிட்டேன்.

மருத்துவமனை அறை வாசலில் நின்றுவிட்டார். கட்டிலில் கிடந்தது அவரை விட்டுப் போன பதினொரு வயதுப் பிள்ளை அல்ல, வளர்ந்த பெண். முகம் அப்படியே அவருடையது. நான்தான் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினேன்.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். "மட்டை?"

"வாங்கேல்லை பிள்ளை."

"நான் பாத்துக்கொண்டு இருந்தனான், பப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காத்திருந்தது மட்டைக்கு மட்டுமில்லை என்று எனக்கே விளங்கியது. அவருக்கு விளங்காமல் இருக்குமா?

அந்தக் கால் இனி மேடையிலிருந்து எகிறிக் குதிக்க உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணை பாரிசுக்குத் திரும்பவில்லை. அந்த ஊரிலேயே ஒரு பீட்சாக் கடையில் கோப்பை கழுவுகிறார். தினமும் பின்னேரம் மகளைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். போகும் வழியெல்லாம் அவள் பிரெஞ்சில் ஏசுகிறாளாம். ஏழு வருடத்து ஏச்சு. இவர் ஊன்றுகோல் வழுக்காமல் நடைபாதைப் பனியைச் சப்பாத்துக் காலால் ஒதுக்கிக்கொண்டே முன்னால் போகிறாராம்.

"நிறுத்தாமல் அரைமணித்தியாலம் ஏசுறாள் தம்பி" என்று போனகிழமை தொலைபேசியில் சொன்னார். குரலில் ஒரு பெருமை.

எங்கள் உணவகத்தில் இப்போது கோப்பை கழுவுபவர் மின்னலாக வேலை செய்கிறார், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் எனக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கக் கடைக்குப் போனேன். தோளில் கை போட்டு மறிக்க ஒருவருமில்லை. வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.