வாசனை பூசியவர்கள் உள்ளே வரக் கூடாது

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் எலிகளும் சுகம். அங்கே நீங்கள், பெரியம்மா, உங்கள் முட்டிவலி எல்லாரும் எப்படி என்று அறிய ஆசை.

"பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்" என்று எழுதியிருந்தீர்கள். மாட்டேன் பெரியப்பா. நடந்ததைக் கேளுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்து, கூட்டல் குறி போன்ற உயரமான பலகையில் விடுவோம். அதன் நாலு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு வெட்டவெளி. பயந்த எலி சுவருக்குள் ஒடுங்கும், தெம்பான எலி வெளியே வரும். நான் தனியாக இருந்தால் எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி உலாத்தும். பேராசிரியர் கதவைத் திறந்தால் போச்சு, அத்தனையும் மூலைக்கு ஓடிப் புழுக்கை போடும். மனிதர் சென்டிலேயே குளித்துவிட்டு வருகிறார். எனக்கே தலை சுத்துது, விரல் நீள எலிக்கு என்ன ஆகும்? அவரோ, "உன் கை நடுங்குதும்மா, அதான் எலிக்கும் ஒட்டிக்கிச்சு. மருந்தும் வேலை செய்யல"ன்னுட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம்! எனக்கு வந்துதே கோபம். 'வாசனை பூசியவர்கள் உள்ளே வரக் கூடாது'ன்னு கதவுல பெரிசா எழுதி ஒட்டினேன். வந்தார், படிச்சார், தன் சட்டையைத் தானே மோந்து பார்த்தார். "மன்னிப்பு எழுதிக் குடு, இல்லேன்னா வேலைக்கு வராதே. நம்ம நிறுவன இயக்குநருக்கே பயப்படாதவன்டா நான்!"ன்னு கத்தினார். அதுல இன்னும் ரெண்டு எலி புழுக்கை போட்டுச்சு.

நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கேட்டா, நல்ல மருந்து தோத்துப்போச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். வேலை போனா மயிராச்சு. இன்னிக்கு அவர் வரட்டும், மூஞ்சிக்கு நேரா சொல்றேன். நான் வெட்டவெளி எலி பெரியப்பா, சுவருக்குள்ள ஒடுங்குற ஜாதி இல்ல.

பெரியம்மாவுக்கு என் அன்பு. முட்டிவலிக்கு என் கண்டனம்.

இப்படிக்கு,
எவனுக்கும் ஒடுங்காத உங்கள் மகள்

பி.கு.: வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்து இந்த உறையை ஒட்டப் போனேன், வெளியே காலடிச் சத்தம். பேராசிரியர்தான் என்று பாய்ந்து மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். உள்ளே ஏற்கெனவே பேராசிரியர்! "ஷ்... இயக்குநர் வர்றார்மா, மருந்து ஏன் தோத்துச்சுன்னு கேப்பார்"ங்கிறார். நான் திரும்பி வந்தபோது எலியெல்லாம் மூலையில் கிடந்ததைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நெடி தாங்கல. "தள்ளி உக்காருங்க சார்"னு அதட்டினேன். தள்ளிக்கிட்டார்.